குழாயை மூடிய நாடு: தெற்கு சூடானின் 2012

2012 ஜனவரி கடைசியில் தெற்கு சூடானின் எண்ணெய் வயல்களில் ஒரு வேலை அவசர அவசரமாக நடந்தது. கிணறுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார்கள். குழாய்க்குள் கிடந்த எண்ணெயைத் தள்ளி வெளியேற்றத் தண்ணீரைச் செலுத்தினார்கள். மேல் நைல் பகுதியில் கிடைக்கும் 'டார்' ரகக் கச்சா எண்ணெய் மெழுகுத் தன்மை கொண்டது. சூடாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஆறும், ஆறினால் உறையும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தப் பாட்டிலின் நீளம் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். உள்ளே எண்ணெய் உறைந்துபோனால் குழாயே வீணாகிவிடும்.

நாளொன்றுக்குச் சுமார் 3,50,000 பீப்பாய் ஓடிக்கொண்டிருந்தது. அரசின் வருமானத்தில் 98 சதவீதம் அதிலிருந்துதான் வந்தது. நாடு பிறந்து ஆறரை மாதம் ஆகியிருந்தது. அந்த நாடே தன் கையால் அதை மூடியது. எந்த எதிரியும் குண்டு போடவில்லை, யாரும் தடை விதிக்கவில்லை. தலைநகர் ஜூபாவில் அமைச்சரவை கூடி ஜனவரி 20 அன்று முடிவெடுத்தது, இரண்டு வாரத்துக்குள் எல்லாம் நின்றுவிட்டது.

தெற்கு சூடான் என்றதும் 2013 டிசம்பரில் வெடித்த உள்நாட்டுப் போர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் போரை டிங்கா, நுவேர் என்ற இரண்டு இனங்களின் பகையாகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டை மாதம் மாதமாக எடுத்துப் பார்த்தால்தான், அந்த நாட்டை அதுவரை சேர்த்துக் கட்டியிருந்தது எது, அது எப்போது அவிழத் தொடங்கியது என்பது தெரியும்.

சரி, ஏன் மூடினார்கள்?

வடக்கு சூடானும் தெற்கும் 1983 முதல் 22 ஆண்டுகள் போரிட்டன. சுமார் 20 லட்சம் பேர் போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டார்கள். 2005 ஜனவரியில் கென்யாவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. தெற்கில் எடுக்கும் எண்ணெயின் வருமானத்தை இரு தரப்பும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்வது, ஆறு ஆண்டு கழித்துத் தெற்கு மக்கள் வாக்களித்துத் தங்கள் வழியை முடிவு செய்வது என்று ஏற்பாடு. 2011 ஜனவரி வாக்கெடுப்பில் 98.83 சதவீதம் பேர் தனிநாடு கேட்டார்கள். ஜூலை 9 அன்று கொடி ஏறியது.

கொடி ஏறிய அன்றே பாதிக்குப் பாதி ஏற்பாடும் காலாவதியானது. ஒன்றுபட்ட சூடானின் எண்ணெயில் முக்கால்வாசி தெற்கின் மண்ணில் இருந்தது. ஆனால் குழாய்கள், சுத்திகரிப்பு ஆலை, செங்கடலோர ஏற்றுமதித் துறைமுகம் எல்லாமே வடக்கில். கிணறு ஒருவர் வீட்டில், வாய்க்கால் பக்கத்து வீட்டில் என்ற கதை. வாய்க்காலுக்கு என்ன வாடகை? சூடானின் தலைநகர் கார்ட்டூம் பீப்பாய்க்கு 36 டாலர் கேட்டது. தெற்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாகச் சொன்னது. இவ்வளவு இடைவெளியோடு தொடங்கிய பேரம் ஆறு மாதம் ஆகியும் நகரவில்லை. எண்ணெய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், வரவேண்டிய பாக்கிக்குப் பதில் என்று சொல்லித் துறைமுகத்தில் கார்ட்டூம் எண்ணெயை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 81.5 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயைத் திருடிவிட்டார்கள் என்று ஜூபா குற்றம் சாட்டியது. நம் எண்ணெயைத் திருடி நம்மையே அடிக்க ஆயுதம் வாங்குவார்கள், அதைவிட அது நிலத்துக்கடியிலேயே கிடக்கட்டும் என்ற பேச்சு அப்போது எங்கும் கேட்டது.

ஜனவரி கடைசியில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஒரு இடைக்கால ஒப்பந்தத்தை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நடுவர்கள் முன்வைத்தார்கள். சூடான் அதிபர் ஒமர் அல்-பஷீர் சம்மதித்தார். தெற்கு சூடான் அதிபர் சல்வா கீர் கையெழுத்துப் போடவில்லை.

தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அந்தக் கதைதான் என்று வெளியிலிருந்து பார்த்த பலர் எழுதினார்கள். உலக வங்கிப் பொருளாதார அறிஞர் ஒருவர் தந்த கடுமையான எச்சரிக்கை மே மாதம் வெளியே கசிந்தது. ஆனால் தெருவில் இருந்தவர்கள் இந்த முடிவைக் கொண்டாடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் வயலுக்கு வழிவிடுவதற்காகவே 1990களின் இறுதியில் ஊர் ஊராகக் கொளுத்தப்பட்டு விரட்டப்பட்டவர்கள் அவர்கள். எண்ணெய் இல்லாமல்தான் காட்டில் 22 வருஷம் போராடினோம், இப்போது முடியாதா என்று தலைவர்கள் கேட்டபோது அது அவர்களுக்கு நியாயமாகவே பட்டது.

தலைவர்களுக்குத்தான் அது தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் காட்டில் இருந்த இயக்கம் வேறு, 2012-இல் இருந்த அரசு வேறு. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போர்க்காலத்தில் தெற்குக்குள்ளேயே பல படைகள் இருந்தன. சில படைகளுக்குக் கார்ட்டூமே காசும் துப்பாக்கியும் கொடுத்து, தெற்கு விடுதலை இயக்கத்துக்கு எதிராக நிறுத்தியிருந்தது. 2005-இல் இயக்கத் தலைவர் ஜான் கராங் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த பிறகு பொறுப்புக்கு வந்த கீர், இந்தப் படைகளோடு மோதுவதைவிட அவர்களை உள்ளே இழுத்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்தார். 2006 ஜனவரியில் ஜூபா பிரகடனம் வந்தது. நுவேர் தளபதி பாவுலினோ மாடிப்பின் படை அப்படியே அரசுப் படையில் சேர்ந்தது. தளபதிகளுக்கு ஜெனரல் பதவி, வீரர்களுக்கு மாதச் சம்பளம். அதன் பிறகு யார் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனாலும், பேசிப் பேசிப் பதவி கொடுத்துத் திரும்ப அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. இயக்கப் படையாக இருந்தபோது பல்லாயிரம் பேரைக் கொண்டிருந்த ராணுவத்தின் சம்பளப் பட்டியல், நாடு பிறக்கும்போது 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் ஆளே இல்லாத பெயர்களும் ஏராளம். அந்தப் பெயர்களுக்கான சம்பளம் தளபதிகளின் பைக்குப் போனது.

இதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ஆனாலும் இந்த ஏற்பாடு வேலை செய்தது. 2005-க்கும் 2011-க்கும் நடுவில் தெற்கு பெரிய போரில் விழாமல் வாக்கெடுப்பு வரை வந்து சேர்ந்ததற்கு இந்தப் பட்டுவாடாதான் முக்கியக் காரணம். சமாதானம் மாதாமாதம் விலைகொடுத்து வாங்கப்பட்டது. அந்த விலையைக் கொடுத்தது எண்ணெய்.

குழாய் மூடியதும் அரசு சிக்கனம் என்றது. அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படியைப் பாதியாக வெட்டினார்கள். மாநிலங்களுக்குப் போகும் பணம் குறைந்தது. கட்ட வேண்டிய பள்ளிகளும் மருந்தகங்களும் காகிதத்தில் நின்றன. ராணுவச் சம்பளத்தில் மட்டும் கைவைக்கத் துணியவில்லை. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு குழாய் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. மார்ச் 2 அன்று கென்யாவின் லாமு கடற்கரையில் கீர், கென்ய அதிபர் கிபாகி, எத்தியோப்பியப் பிரதமர் மெலெஸ் ஜெனாவி மூவரும் சேர்ந்து துறைமுகம், சாலை, ரயில், குழாய்ப்பாதை எல்லாம் அடங்கிய பெருந்திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். பல நூறு கோடி டாலர் தேவைப்படும் திட்டம் அது. கஜானா காலியாக இருந்த அரசை நம்பி யார் அவ்வளவு பணத்தைப் போடுவார்கள்?

ஆண்டின் தொடக்கமே ரத்தத்தில்தான் இருந்தது. ஜோங்லேய் மாநிலத்தில் லௌ நுவேர் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அணிதிரண்டு முர்லே மக்களின் பிபோர் பகுதியை நோக்கி 2011 டிசம்பர் கடைசியில் புறப்பட்டார்கள். மாடு பிடிப்பதில் தொடங்கிய பழைய பகை. அங்கே மாடு என்றால் வெறும் சொத்து இல்லை. மாடு இல்லாமல் கல்யாணம் இல்லை, பஞ்சாயத்தில் தண்டம் கட்டுவதும் மாட்டில்தான். முன்பு ஈட்டியோடு போனவர்களின் கையில் போர் முடிந்தபோது தானியங்கித் துப்பாக்கிகள் மிஞ்சியிருந்தன. நுவேர் இனத்தவரான துணை அதிபர் ரியெக் மச்சாரே நேரில் போய்த் திரும்பிவிடச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஐ.நா. பின்னர் நடத்திய விசாரணையில், தாக்குதலிலும் அதற்குப் பழிவாங்கலிலும் சேர்த்து 900 பேர் அளவுக்கு இறந்ததாகக் கணக்கு வந்தது. செத்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. பிறகு ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய ராணுவம் போனது. போன இடத்தில் அடியும் வன்கொடுமையும் நடந்ததாகப் புகார்கள் குவிந்தன. அதே ஆண்டின் நடுவில் டேவிட் யாவ் யாவ் என்பவர் அங்கே மறுபடியும் கலகத்தைத் தொடங்கியபோது, முர்லே இளைஞர்கள் அவர் பின்னால் போனது அதனால்தான்.

மார்ச்சில் ஒரு நல்ல திருப்பம் வந்தது. இரு நாட்டு மக்களும் மற்ற நாட்டில் குடியிருக்கவும் வேலை செய்யவும் வழிவிடும் உடன்பாடு எட்டியது. பஷீர் ஏப்ரல் 3 அன்று ஜூபாவுக்கு வருவதாக ஏற்பாடு. மார்ச் 26 அன்று எல்லையில் சண்டை மூண்டது, பயணம் ரத்தானது. ஏப்ரல் 10 அன்று தெற்கின் படை ஹெக்லிக்கைப் பிடித்தது.

சூடானின் கையில் மிஞ்சியிருந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஹெக்லிக்கில்தான் கிடைத்தது. தெற்கத்தியர்கள் அந்த இடத்தைப் பாந்தூ என்று அழைத்து, அது தங்கள் யூனிட்டி மாநிலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். 2009-இல் தி ஹேக் நடுவர் மன்றம், இரு தரப்பும் உரிமை கோரும் அபியே பகுதிக்கு எல்லை வகுத்தபோது ஹெக்லிக்கை அதற்கு வெளியே வைத்தது. எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. சண்டைக்கு இந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் தொலைபேசியில் அழைத்துப் படையைத் திரும்பப் பெறச் சொன்னதாகவும், தான் அவருடைய கட்டளைக்குக் கீழ் இல்லை என்று பதில் சொன்னதாகவும் கீர் நாடாளுமன்றத்தில் சொன்னபோது உறுப்பினர்கள் ஆரவாரம் செய்தார்கள். கார்ட்டூமில் பஷீர், தெற்கின் ஆளுங்கட்சியைப் பூச்சிகள் என்றார். விடுதலைக்கு வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கிய உலக நாடுகள் எல்லாம் இப்போது ஜூபாவைக் கண்டித்தன. பத்து நாளில் கீர் படையைத் திரும்ப அழைத்தார்.

விமானக் குண்டுகள் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஏப்ரல் 23 அன்று பெந்தியு நகருக்குப் பக்கத்தில், பாலத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டு ருப்கோனா சந்தையில் விழுந்தது. கடைகள் எரிந்தன, ஒரு சிறுவன் இறந்தான். அன்று கீர் சீனாவில் இருந்தார். இரண்டு நாட்டு எண்ணெயிலும் அப்போது பெரிய பங்கு சீனாவுடையது. நம் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் அங்கே பங்கு இருந்தது. மே 2 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2046-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, சண்டையை நிறுத்திப் பேச்சுக்குப் போகச் சொன்னது.

எல்லைக்கோடு மனிதர்களை என்ன செய்தது என்பதைப் பார்க்கக் கோஸ்திக்குப் போக வேண்டும். வெள்ளை நைல் கரையில் இருக்கும் சூடானியத் துறைமுகம் அது. வடக்கில் வாழ்ந்த தெற்கத்தியர்கள் ஏப்ரல் 8 முதல் வெளிநாட்டவர் ஆனார்கள். ஊர் திரும்பப் படகு கிடைக்கும் என்று கோஸ்திக்கு வந்து, படகுப் போக்குவரத்து நின்றுபோனதால் மாதக்கணக்கில் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் இல்லை அவர்கள். கட்டில், பீரோ, நாற்காலி என்று வாழ்ந்த வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். மே மாதம் உள்ளூர் நிர்வாகம் கெடு விதித்ததும் சுமார் 12,000 பேரை விமானத்தில் ஜூபாவுக்குக் கொண்டுபோனார்கள். விமானத்தில் கட்டிலை ஏற்ற முடியாது. அவர்களில் பலர் கார்ட்டூமில் பிறந்தவர்கள், அரபியில் படித்தவர்கள். தாய்நாட்டில் ஆட்சிமொழி ஆங்கிலம். சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தைக் கண்ணால் கண்டதே இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சோகம் நடந்தது. சூடானுக்குள் தெற்கு கொர்தோபான், நீல நைல் மாநிலங்களில் நடந்த போருக்குத் தப்பி மக்கள் தெற்கு சூடானுக்குள் சாரிசாரியாக வந்தார்கள். ஆண்டு முடிவில் 1,70,000-க்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கிய மாபான் பகுதியின் மண் நம் கரிசல் மண்ணைப் போன்றது. கோடையில் வெடித்துக் கிடக்கும், மழை விழுந்தால் களியாகும், தண்ணீர் கீழே இறங்காது. ஜமாம் முகாம் அப்படியே குளமாகியது. கூடாரத்துக்குள் முழங்கால் சேறு, கழிவறைக் குழிகள் நிரம்பி வழிந்தன, லாரி வர வழியில்லை. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்தார்கள். அப்புறம் ஹெபடைடிஸ் ஈ என்கிற மஞ்சள் காமாலை பரவியது. கர்ப்பிணிகளுக்கு அது எமன். இவர்களைத் தாங்கிக்கொண்ட நாட்டின் கஜானாவில் அப்போது ஒன்றும் இல்லை.

ஜூபாவில் விலைவாசி எகிறியது. மே மாதத்தில், முந்தைய ஆண்டோடு பார்த்தால் விலைவாசி உயர்வு ஏறத்தாழ 80 சதவீதம். மாவிலிருந்து தக்காளி வரை உகாண்டாவிலிருந்து டாலர் கொடுத்துக் கொண்டுவந்த ஊர், டாலர் இல்லாமல் எப்படிச் சாப்பிடும்? அதிகாரப்பூர்வ விலை டாலருக்கு மூன்று தெற்கு சூடான் பவுண்டு என்றால் கள்ளச் சந்தையில் ஐந்து. மூன்றுக்கு டாலர் வாங்கும் செல்வாக்கு உள்ளவர்கள் அதை ஐந்துக்கு விற்றார்கள். பஞ்சத்திலும் சிலருக்கு அறுவடை.

மே மாதத்தில் வந்த ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இப்போதைய, முன்னாள் அதிகாரிகள் 75 பேருக்குக் கீர் எழுதியது. 400 கோடி டாலர் காணாமல் போயிருக்கிறது, எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பெயரை வெளியிட மாட்டேன் என்பது சாரம். பணத்தைச் செலுத்தக் கென்யாவில் வங்கிக் கணக்கும் திறந்திருந்தார்கள். எதற்காகப் போராடினோம் என்பதை மறந்து நாம் நம்மையே வளப்படுத்திக்கொண்டோம் என்றும் அதில் எழுதியிருந்தார். ஒரு நாட்டின் அதிபர் தன் சகாக்களுக்கு இப்படி எழுதியது உலகத்திலேயே அரிது. அந்த வரியில் உண்மை இருந்தது. ஆனால் வழக்கு இல்லை, தண்டனை இல்லை. அந்த 75 பேரையும் பிடித்து உள்ளே வைத்தால் அரசும் படையும் கலைந்துவிடும் என்பது எழுதியவருக்கும் தெரியும், பெற்றுக்கொண்டவர்களுக்கும் தெரியும்.

சந்தோஷம் இல்லாத ஆண்டு என்று சொல்லிவிடக் கூடாது. ஜூலை 10 அன்று ஜூபாவில் நாட்டின் கால்பந்து அணி உகாண்டாவோடு தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடி 2-2 என்று சமன் செய்தது. லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டுக்கு இன்னும் ஒலிம்பிக் சங்கமே அமையாத நிலையில், குவோர் மரியால் கொடி இல்லாமல் மாரத்தான் ஓடி 47-ஆவதாக வந்தார். போரில் உடன்பிறந்தவர்களை இழந்த அவர், சூடான் கொடியோடு ஓட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். செப்டம்பரில் ஜூபாவிலிருந்து உகாண்டா எல்லையில் உள்ள நிமுலே வரை 192 கிலோமீட்டர் தார்ச்சாலை அமெரிக்க உதவியோடு திறக்கப்பட்டது. பிரான்ஸைவிடப் பெரிய பரப்புள்ள நாட்டில் அதுதான் முதல் நெடுஞ்சாலை.

ஆகஸ்டில் மெலெஸ் ஜெனாவி காலமானார். இரு தரப்பையும் அதட்டி உட்கார வைக்கக்கூடிய ஆள் அவர். இருந்தாலும் நடுவர் குழுவின் தலைவரான தென்னாப்பிரிக்க முன்னாள் அதிபர் தாபோ எம்பெக்கி விடவில்லை. செப்டம்பர் 27 அன்று அடிஸ் அபாபாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. குழாய்க்கு ஏற்றபடி பீப்பாய்க்கு 9.10 டாலர் அல்லது 11 டாலர் கட்டணம். அதற்கு மேல், சூடானின் இழப்பை ஈடுகட்ட 302.8 கோடி டாலர், பீப்பாய்க்கு 15 டாலர் வீதம் கட்டித் தீர்ப்பது. இரண்டையும் கூட்டினால் 25 டாலர் பக்கம் வருகிறது. ஒரு டாலர்கூட அதிகம் என்று சொல்லி மூடிய குழாய் அது. எல்லையின் இருபுறமும் பத்துப் பத்து கிலோமீட்டர் படையில்லாப் பகுதி என்றும் முடிவானது. எண்ணெய் உடனே ஓடவில்லை. தன் நாட்டுக் கிளர்ச்சிக்காரர்களுக்குத் தெற்கு உதவுவதை நிறுத்தினால்தான் திறப்போம் என்று கார்ட்டூம் பிடித்துக்கொண்டது.

டிசம்பர் மாதத்தில் மூன்று சம்பவங்கள். 5-ஆம் தேதி, ஐசையா ஆபிரகாம் என்ற புனைபெயரில் அரசை விமர்சித்து எழுதிவந்த பத்தியாளர் ஜூபாவில் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். 9-ஆம் தேதி, வாவ் நகரில் மாவட்டத் தலைமையிடத்தை மாற்றுவதை எதிர்த்துக் கிளம்பிய ஊர்வலத்தின் மீது படையினர் சுட்டதில் குறைந்தது 8 பேர் இறந்தார்கள். 21-ஆம் தேதி, ஜோங்லேயில் ஐ.நா. ஹெலிகாப்டரை நாட்டின் சொந்த ராணுவமே தவறுதலாகச் சுட்டு வீழ்த்தியது. ரஷ்யர்கள் நான்கு பேர் பலியானார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பணத்தால் பிடித்துவைத்திருந்த ஆயுதங்கள், பணம் வற்றியதும் கட்டளை கேட்பதை நிறுத்திக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டில் பொருளாதாரம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. 2013 ஏப்ரலில் எண்ணெய் மீண்டும் ஓடியது. ஆனால் அதற்குள் ஆளுங்கட்சிக்குள் யார் தலைவர் என்ற போட்டி முற்றியிருந்தது. பங்கு போடப் பணம் நிறைய இருந்தபோது தள்ளிப்போட முடிந்த போட்டி அது. ஜூலையில் கீர், மச்சாரையும் அமைச்சரவை முழுவதையும் நீக்கினார். டிசம்பர் 15 இரவு ஜூபா முகாமில் அதிபரின் காவல்படைக்குள்ளேயே துப்பாக்கிச் சூடு தொடங்கியது. மாடிப்பின் ஆட்கள் உட்பட, சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட நுவேர் படைகளில் பெரும்பகுதி சில நாட்களில் பிரிந்து போனது. யூனிட்டி மாநிலக் கிணறுகள் மறுபடியும் மூடின. 2014 கடைசியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோதும் அந்த 25 டாலர் அப்படியே நின்றது.

2024 பிப்ரவரியில் சூடானின் உள்நாட்டுப் போர் நடக்கும் பகுதியில் டார் எண்ணெய் வரும் குழாய் உடைந்தது. எண்ணெயைச் சூடாக வைத்துத் தள்ளும் நிலையங்களுக்கு டீசல் கிடைக்கவில்லை, உள்ளே எண்ணெய் உறைந்துபோனது. ஏற்றுமதி ஏறக்குறைய ஓராண்டு நின்றது, ஜூபாவில் ஆசிரியர்களுக்கும் சிப்பாய்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. லாமுவுக்குப் போக வேண்டிய குழாயில் ஒரு மீட்டர்கூட இன்னும் போடப்படவில்லை.